சிறு சொல், பெருங்காடு

நான் வாசித்த பள்ளிக்கூடத்தில் ஆங்கில வாத்தியார் ஒவ்வொரு பாடத்தையும் தொடங்கு முன்னர்க் கரும்பலகையின் நடுவே ஒரு கோடு கிழித்து, இடப்புறத்தில் 'கடின பதங்கள்' என்று தாம் கருதியவற்றையும் வலப்புறத்தில் அவற்றின் அர்த்தங்களையும் எழுதிப் போடுவார். நாங்களும் அவற்றைப் பிழையறப் பார்த்தெழுதி, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து உரக்கப் படித்து நெட்டுருப் போட்டு, மறுநாள் கேட்ட மாத்திரத்தில் ஒப்பித்துவிடுவோம். 'மேக்னானிமஸ்' என்றால் பெருந்தன்மையுள்ள, 'பிலாந்த்ரபி' என்றால் பரோபகாரம், 'சூப்பர்ஃபுளுவஸ்' என்றால் மிகையான என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் பயிற்சி எங்களுக்கு இருந்தது. ஆனால் அந்தக் கரும்பலகையின் இடப்புறத்தில் 'புட்' என்றோ 'கெட்' என்றோ 'டேக்' என்றோ ஒரு பதம் ஒருநாளும் ஏறியதில்லை. அவை பால பாடத்திலேயே தீர்ந்துபோன எளிய பதங்கள் என்பது வாத்தியாருடைய சித்தாந்தம். எங்களுடைய சித்தாந்தமும் அதுவே.

அரையாண்டுப் பரீட்சை வந்தது. ஒருவன் தன் மாமனுடைய முன்கோபத்தைப் 'புட் அப் வித்' செய்தான் என்ற கருத்துள்ள வாக்கியம் ஒன்றைத் தமிழ்ப்படுத்தச் சொல்லியிருந்தார்கள். 'புட்' என்றால் வை, 'அப்' என்றால் மேலே, 'வித்' என்றால் உடன். ஆகவே அவன் மாமனுடைய முன்கோபத்துடன் மேலே வைத்தான் என்று எழுதினேன். எதை வைத்தான், எதன் மேலே வைத்தான் என்பது விளங்காமற் போகவே, 'பரண்' என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிடலாமா என்றுகூடச் சிறிது நேரம் யோசித்தேன். பொறுத்துக்கொண்டான் என்பதுதான் பொருள். வாத்தியார் என் விடையை வகுப்பில் உரக்க வாசித்தபோது எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் சிரித்தவர்களில் பெரும்பாலோர் அதே தவற்றைச் செய்திருந்தபடியால் அந்தச் சிரிப்பில் ஓர் அடக்கம் இருந்தது.

அன்று தொடங்கிய சந்தேகம் இன்றளவும் என்னை விட்டு அகலவில்லை. ஆங்கிலத்தில் கடினமானவை நீண்ட பதங்கள் அல்ல, சாமானியமான சிறு பதங்களே என்பது என் அபிப்பிராயம். நீண்ட பதம் கோயில் தேரைப் போன்றது; பார்வைக்கு மலைப்பூட்டும், ஆனால் வகுத்துவைத்த நான்கு வீதிகளைத் தவிர வேறெங்கும் அது போகாது. சிறு பதமோ ஊர்ச் சிறுவனின் வாடகைச் சைக்கிளைப் போன்றது. எந்தச் சந்தில் நுழைந்து எந்தத் தெருவில் வெளிப்படும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இந்தத் தொல்லை அயல்நாட்டு மாணவனுக்கு மாத்திரம் உரியதென்று எண்ணலாகாது. லண்டனில் சாமுவேல் ஜான்சன் என்னும் பேரறிஞர் 1746-இல் புத்தக வியாபாரிகளோடு உடன்படிக்கை செய்துகொண்டு, மூன்றே வருஷங்களில் முடித்துவிடலாம் என்று நம்பிக்கையோடு தொடங்கிய ஆங்கில அகராதி, ஆறு உதவியாளர்கள் இருந்தும் 1755 ஏப்ரலில்தான் வெளியாயிற்று. 42,000-க்கு மேற்பட்ட பதங்களுக்கு விளக்கம் எழுதிய அம்மனிதர், தம் முகவுரையில் தம்மைத் திணறடித்த பதங்களாகப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறவை கிரேக்கப் பதங்களோ லத்தீன் பதங்களோ அல்ல. 'கம்', 'கெட்', 'கிவ்', 'டூ', 'புட்', 'செட்', 'கோ', 'ரன்', 'மேக்', 'டேக்' முதலியனவே. 'டேக்' என்ற ஒரு வினைக்கு மாத்திரம் அவர் 134 அர்த்தங்கள் காட்ட நேர்ந்தது. ஒரு வினையின் பின்னே 'ஆஃப்', 'அவுட்', 'இன்' போன்ற இடைச்சொல் ஒன்றை ஒட்டவைத்து முற்றிலும் வேறான பொருளை உண்டாக்கிவிடும் ஆங்கிலத்தின் வழக்கமே அயலாருக்கு மிகப் பெரிய இடர் என்பதையும் அவர் அங்கேயே ஒப்புக்கொள்ளுகிறார். அதை நான் முதன்முதலாகப் படித்தபோது, என்னுடைய பரண் விஷயத்தில் ஒரு பெரியவர் எனக்காகச் சாட்சி சொல்ல வந்ததுபோல் இருந்தது.

ஜான்சனுக்குப் பின்னர் வந்தவர்களின் அனுபவமும் அதுவே. பதினான்கு வயதுக்கு மேல் பள்ளிக்கூடம் போக வசதியில்லாதிருந்த ஜேம்ஸ் மர்ரே என்ற ஸ்காட்லாந்துக்காரர், பின்னாளில் பள்ளி ஆசிரியராகித் தம் சொந்த முயற்சியால் பல பாஷைகளைக் கற்று, 1879-இல் ஆக்ஸ்போர்டு அகராதியின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். பத்து வருஷத்தில் முடியும் என்பது மதிப்பீடு. ஐந்து வருஷம் கழித்து 1884-இல் முதற் பகுதி வெளிவந்தபோது, முதலெழுத்தில் 'ஆன்ட்', அதாவது எறும்பு, வரைக்குமே வேலை ஊர்ந்திருந்தது. தோட்டத்தில் தகரக் கொட்டகை ஒன்றைப் போட்டுக்கொண்டு, சுவர் முழுவதும் சிறு சிறு அறைகளாகத் தடுத்த பலகையில், பொதுமக்கள் நூல்களிலிருந்து எழுதியனுப்பிய மேற்கோள் சீட்டுகளை அடுக்கிவைத்து அவர் உழைத்தார். ஒரு பதம் எந்த நூற்றாண்டில் எந்த வாக்கியத்தில் என்ன பொருளில் வந்தது என்பதற்கு எழுத்துச் சாட்சி இல்லாமல் எதையும் அர்த்தமென்று ஏற்பதில்லை என்பது அவ்வகராதியின் விரதம். மர்ரே 1915-இல் காலமானார். அகராதி 1928-இல் முற்றுப்பெற்றது.

அந்தச் சீட்டுகளை அனுப்பியவர்களில் ஒருவரைப் பற்றித் தமிழர் அறிந்திருக்க வேண்டும். வில்லியம் செஸ்டர் மைனர் என்ற அமெரிக்க ராணுவ வைத்தியர் சித்தப்பிரமையால் 1872-இல் லண்டனில் ஓர் ஏழைத் தொழிலாளியைச் சுட்டுக் கொன்றுவிட்டு, பிராட்மூர் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் அடைக்கப்பட்டிருந்தார். அங்கிருந்தபடியே தம் பழைய புத்தகங்களைத் துருவித் துருவிப் படித்து ஆயிரக்கணக்கான மேற்கோள்களை மர்ரேக்கு எழுதியனுப்பினார். அவர் பிறந்தது 1834-இல் இலங்கையில். தந்தையார் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் அச்சகத்தை நடத்தியவர். அந்த அச்சகத்திலிருந்துதான் 1842-இல் சந்திரசேகர பண்டிதர் தொகுத்த, மானிப்பாய் அகராதி என்று பெயர் பெற்ற தமிழ் அகராதி அச்சாகி வெளிவந்தது. ஆங்கிலத்தின் மாபெரும் அகராதிக்குச் சிறைக்குள்ளிருந்து சொற்பிச்சை இட்ட மனிதர், எட்டு வயதுப் பையனாக இருந்தபோது ஒரு தமிழ் அகராதி அச்சேறிய இடத்தின் நிழலில் வளர்ந்தார் என்பது தற்செயல்தான். ஆனால் எண்ணி எண்ணி வியக்கத்தக்க தற்செயல்.

சிறு பதங்களுக்குத் திரும்புவோம். 1989-இல் இருபது தொகுதிகளாக வெளிவந்த அவ்வகராதியின் இரண்டாம் பதிப்பில் 'செட்' என்ற வினைக்கு 430-க்கு மேற்பட்ட பொருட்கூறுகள் இருந்தன. பிற்பாடு நடந்த திருத்தத்தில் 'ரன்' அதனை முந்திக்கொண்டது, அதற்கு 645. மனிதன் ஓடுகிறான், ஆறு ஓடுகிறது, பஸ் ஓடுகிறது என்பவை நமக்கும் புரிகின்றன. ஆனால் கடையை ஓட்டுவதும், தேர்தலில் நிற்பதும், துணியிலிருந்து சாயம் போவதும், சர்க்கரை தீர்ந்துபோவதும், வழியில் ஒருவரைத் தற்செயலாய்ச் சந்திப்பதும் இதே 'ரன்' என்றால், மூன்றெழுத்தின் முதுகில் எவ்வளவு மூட்டை!

நியாயமாகப் பேசினால், நாமும் அயலாருக்கு இதே அநியாயத்தைத்தான் செய்கிறோம். தமிழ் கற்க வந்த ஒரு வெள்ளைக்காரருக்கு 'அடி' என்ற வினையைக் கையால் அறைதல் என்று சொல்லிக் கொடுத்துவிட்டு அவரைத் தெருவில் விட்டால், வெயில் அடிக்கிறது, காற்று அடிக்கிறது, சுவருக்கு வெள்ளை அடிக்கிறார்கள், பையன் காப்பி அடிக்கிறான், பெரியவர் அரட்டை அடிக்கிறார், பிரசங்கம் போர் அடிக்கிறது, ஒருவருக்கு அதிர்ஷ்டம் அடித்தது என்று கேட்கக் கேட்க, இந்நாட்டில் அடிபடாத ஜீவனே இல்லையோ என்று அஞ்சுவார். மாமியார் மருமகள்மேல் எரிந்து விழுந்தாள் என்றால் அவர் தண்ணீர்ச் செம்பைத் தேடி ஓடுவார். 'வந்து தொலை' என்று அழைக்கப்பட்டவன், வந்த பிறகு ஏன் தொலையாமல் சாப்பிட உட்காருகிறான் என்பது அவருக்கு விளங்கவே விளங்காது. 'பார்' என்பதோடு 'கொள்' சேர்ந்தால் பராமரிப்பு. 'பார்த்துப் போ' என்றால் எச்சரிக்கை. ஆங்கிலேயன் 'லுக்' என்பதோடு 'ஆஃப்டர்' சேர்த்துக் குழந்தையைப் பராமரிப்பதும், 'இன்டு' சேர்த்து வழக்கை விசாரிப்பதும், 'ஃபார்' சேர்த்துத் தொலைந்த சாவியைத் தேடுவதும் இதே வித்தைதான். நம் வித்தையைத் தாய்மடியில் கற்றோம். அவன் வித்தையைக் கரும்பலகையில் கற்கப் பார்க்கிறோம்.

இச்சிறு பதங்களின் பூர்வோத்தரத்தை ஆராய்ந்தால் இங்கிலாந்தின் சரித்திரமே அவற்றில் அடங்கியிருப்பது தெரியும். கடல் தாண்டி வந்து கொள்ளையிட்டுப் பின்னர் அங்கேயே குடியேறிவிட்ட வடநாட்டு வைக்கிங்குகள் விட்டுச்சென்றவை 'டேக்', 'கெட்', 'தே' முதலியன. 'அவர்கள்' என்னும் பொருள்படும் பதத்தையே அந்நியரிடமிருந்து பெற்றுக்கொண்ட பாஷை அது. 'விண்டோ' என்பதும் அவர்கள் தந்ததே. அதற்குக் காற்றின் கண் என்று பொருள். தமிழில் சன்னலுக்குப் பழம்பெயர் காலதர். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. அந்தக் காலதரை மானின் கண்ணோடு சேர்த்துச் சொல்லும் இடம் சிலப்பதிகாரத்தில் உண்டு. வடகடலோரத்து மாலுமிக்கும் பூம்புகார் மாளிகையைப் பாடிய கவிக்கும் காற்றும் கண்ணும் சேர்ந்தே தோன்றியிருப்பதைக் காணுந்தோறும் எனக்கு ஆனந்தமாக இருக்கும். நாம் இன்று சொல்லும் சன்னலோ போர்த்துகீசியர் கொடுத்தது.

1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் பிரெஞ்சு பாஷை அரண்மனையில் ஏறி உட்கார்ந்தது. கொட்டிலில் இருந்து உழவன் மேய்த்தவரையில் 'ஷீப்' என்றிருந்த ஆடு, சீமானுடைய போஜன மேஜைக்கு வந்ததும் பிரெஞ்சுப் பெயர் தரித்து 'மட்டன்' ஆகிவிட்டது. செம்மறியைக் குறித்த அப்பதம் நம் நாட்டில் வெள்ளாட்டின் இறைச்சிக்கும் பெயராகிப் பிரியாணி அண்டாவில் குடியேறியிருப்பது வேறு கதை. ஒரே பொருளுக்கு உழவன் சொல் ஒன்றும் பிரபு சொல் ஒன்றும் பண்டிதன் சொல் ஒன்றுமாக மூன்று அடுக்கு ஆங்கிலத்தில் உண்டு. 'ஆஸ்க்', 'கொஸ்சன்', 'இன்டராகேட்' மூன்றும் கேட்பதுதான். இதைத் தமிழனுக்கு விளக்க வேண்டியதேயில்லை. சோறு, சாதம், அன்னம் மூன்றும் ஒரே பானையில் வெந்தவையென்றாலும், யார் வீட்டில் எந்தச் சமயத்தில் எதைச் சொல்வது என்பதில் நாம் ஒருகாலும் தவறுவதில்லை.

பதங்களுக்கு உயர்வு தாழ்வும் உண்டு. இன்று நல்லவன், இனியவன், சுவையானது என்று எதற்கும் வழங்கும் 'நைஸ்' லத்தீனில் ஒன்றுமறியாதவன் என்ற பொருளில் பிறந்து, மூடன் என்று ஆங்கிலத்துள் நுழைந்து, எதிலும் நுணுக்கம் பார்ப்பவன் என்றாகி, அதன்பின்பே இனிமையை அடைந்தது. 'சில்லி' இதற்கு நேர்மாறு. பாக்கியவான் என்று தொடங்கி, களங்கமற்றவன், பரிதாபத்துக்குரியவன் என்று படிப்படியாக இறங்கி அசடாய் முடிந்தது. துர்க்கந்தத்தைக் குறிக்கும் 'ஸ்டெஞ்ச்' பழைய ஆங்கிலத்தில் நறுமணத்துக்கும் வழங்கியதை அறியும்போது, நம் நாற்றம் நினைவுக்கு வராமலிராது. ஆண்டாள் திருமாலின் சங்காகிய பாஞ்சசன்னியத்தைப் பார்த்து அவன் திருவாயின் வாசனையைக் கேட்டபோது 'நாறு' என்ற வினையையே கையாண்டாள். இன்று ஒருவரிடம் அவ்வினையைச் சொல்லிவிட்டு வீடு திரும்ப முடியுமா?

இவற்றிலெல்லாம் எனக்கு மிகப் பிடித்தமானது சோம்பலின் சரித்திரம். 'சூன்' என்பதற்குப் பழங்காலத்தில் உடனே என்று பொருள். சிறிது நேரத்தில் என்று அது தளர்ந்தது. அந்த ஸ்தானத்தை நிரப்ப வந்த 'அனான்', 'பிரசன்ட்லி', 'பை அண்ட் பை' ஆகிய ஒவ்வொன்றும் முதலில் இந்தக் கணமே என்றிருந்து, பிறகு அப்புறம் பார்க்கலாம் என்று அயர்ந்துவிட்டன. தையற்காரரிடமும் தச்சரிடமும் 'இதோ ஆயிற்று' என்ற பதிலைக் கேட்டுப் பழகிய நமக்கு இதில் ஆச்சரியமில்லை. பதம் கெட்டதில்லை, சொன்னவர்கள் வாக்குக் காப்பாற்றவில்லை.

ஆங்கிலம் தன் ஊரில் கைவிட்ட பொருள்களைத் தமிழ்நாட்டுத் தெருக்கள் காப்பாற்றி வருவதும் உண்டு. 'மெஸ்' என்றால் இன்றைய லண்டன்வாசிக்கு முதலில் தோன்றுவது அலங்கோலம். ஆனால் அப்பதம் பிரெஞ்சிலிருந்து வந்தபோது பரிமாறிய உணவு என்றே பொருள்பட்டது. பிறகு ஒருபுறம் சேர்ந்துண்ணும் கூட்டம் என்று கௌரவமாய் வளர்ந்தது, மற்றொருபுறம் கூழாய்க் கலந்த உணவு என்றாகிக் குழப்பத்தில் முடிந்தது. திருவல்லிக்கேணியில் மாதச் சீட்டுக்குச் சாப்பிடும் பிரமசாரி, வாயிற்பலகையில் அப்பதத்தை வாசிக்கும்போது அதன் பழைய, மரியாதையான பொருளையே கொள்ளுகிறான். 'மீல்ஸ் ரெடி' என்ற பலகையிலும் ஒரு புதையல் இருக்கிறது. 'மீல்' என்பதன் ஆதிப்பொருள் உணவன்று. குறித்த காலம், அளவு என்பதே. 'இரண்டு வேளை சாப்பிட்டான்' என்று வேளையையே உணவாக எண்ணிச் சொல்லும் நமக்கு அது சகோதரப் பதம். டிபனோ, மதுவைச் சிறிது சிறிதாக உறிஞ்சுதல் என்ற பழைய கொச்சையிலிருந்து பிறந்து, இங்கிருந்த வெள்ளைக்காரர் வாயில் பகலுணவாகி, அவர்கள் ஊரில் ஏறக்குறைய மறைந்து, நம் ஊரில் இட்டிலி தோசையாகத் தீர்க்காயுசு பெற்றது. விருந்தாளியின் இடம் என்ற ஒரே லத்தீன் மூலத்திலிருந்து ஹோட்டல், ஹாஸ்டல், ஆஸ்பத்திரி மூன்றும் கிளைத்தன என்பதை, ஹாஸ்டலில் தங்கி ஹோட்டலில் சாப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் எளிதில் நம்புவார்கள்.

பஸ் என்பதன் கதை இலக்கண ஆசிரியர்களுக்காகவே ஏற்பட்டது போலும். 1820-களில் பிரான்சில் தோன்றிய பொதுக் குதிரைவண்டிக்கு 'ஆம்னிபஸ்' என்று பெயர். லத்தீனில் 'எல்லோருக்கும்' என்று அர்த்தம். 1829-இல் ஷில்லிபியர் என்பவர் அதை லண்டனுக்குக் கொண்டுவந்தார். ஜனங்களுக்கு அவ்வளவு நீளம் ஆகவில்லை. தலையை வெட்டியெறிந்துவிட்டு வேற்றுமை உருபை மாத்திரம் வைத்துக்கொண்டார்கள். அதாவது, நாம் 'எல்லோருக்கும்' என்ற வண்டிக்கு 'க்கும்' என்று பெயரிட்டு, 'க்கும் வந்துவிட்டதா?' என்று நிறுத்தத்தில் விசாரிப்பது போன்றது.

நம்மிடமிருந்து போனவையும் உண்டு. கட்டுமரமும் கறியும் சுருட்டும் மிளகுத்தண்ணீரும் ஆங்கில அகராதியில் வேஷம் மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. மரங்களைச் சேர்த்துக் கட்டிய நம் மீனவரின் கட்டுமரம் அங்கே இரட்டை உடல் கொண்ட உல்லாசப் படகின் பெயர்.

தொடர்களைப் பற்றி ஒரு வார்த்தை. 'ஹௌ டூ யூ டூ' என்பது கேள்வி வடிவில் இருந்தாலும் கேள்வியன்று; அதற்கு உடம்பின் நிலையை விவரிக்கப் புகுந்தவன் அவமானப்படுவான். அதையே திருப்பிச் சொல்வதுதான் விடை. 'குட்பை' என்பது தெய்வம் உன்னோடிருக்கட்டும் என்ற ஆசியின் தேய்ந்த உருவம். நாத்திகரும் அதைத் தயங்காமல் சொல்லுகிறார்கள். நாமும் 'போய்வருகிறேன்' என்கிறோம். என்றைக்கு வருவீர் என்று யாரும் நாள் கேட்பதில்லை. உலகமெங்கும் பரவிய 'ஓ.கே.' 1839 மார்ச்சில் பாஸ்டன் பத்திரிகை ஒன்றில், 'ஆல் கரெக்ட்' என்பதை வேண்டுமென்றே பிழையாக எழுதிச் சுருக்கிய ஒரு வேடிக்கையாகப் பிறந்தது. ஆனால் எல்லாப் பிறப்புக் கதைகளையும் நம்பிவிடக் கூடாது. உயர்தரமானது என்னும் பொருளுள்ள 'பாஷ்' என்ற பதம், இந்தியாவுக்கு வரும்போது கப்பலின் இடப்புறத்திலும் திரும்பும்போது வலப்புறத்திலும் வெயில் படாத அறை வாங்கிய சீமான்களின் டிக்கெட்டில் அச்சிட்ட நான்கு முதலெழுத்துகள் என்று சாமர்த்தியமாகச் சொல்வார்கள். அப்படி எழுதிய ஒரு டிக்கெட்டைக்கூட இதுவரை ஒருவரும் காட்டியதில்லை. கதை மிக அழகாக இருந்தால் மர்ரேயைப் போலச் சீட்டைக் கேட்பதே முறை.

இன்று ஆங்கிலம் கற்பிக்கிற ஆசிரியர்களை நான் வேண்டிக்கொள்வது ஒன்றுதான்: கரும்பலகையின் இடப்புறத்தில் 'புட்', 'கெட்', 'டேக்' ஆகியவற்றை முதலில் எழுதுங்கள், வலப்புறத்தில் ஒற்றை அர்த்தத்துக்குப் பதிலாகப் பத்து வாக்கியங்கள் எழுதுங்கள். இடம் போதாவிட்டால் 'மேக்னானிமஸ்' பெருந்தன்மையோடு விலகிக்கொள்ளும்.

வாசகர்களில் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் அதன் தொடக்கத்தில், ஜனாதிபதியின் பெயரால் பிறநாட்டாருக்கு விடுத்திருக்கும் வேண்டுகோளை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். அதில் 'லெட்' என்ற பதம் வருகிறது. அனுமதி என்று பால பாடத்தில் படித்த அர்த்தத்தை வைத்துக்கொண்டு பார்த்தால், இவரை அனுமதியின்றிப் போகவிடுங்கள் என்று விபரீதமாகத் தோன்றும். பழைய ஆங்கிலத்தில் அனுமதி என்ற பொருளில் ஒன்றும் தடை என்ற பொருளில் ஒன்றுமாக இரண்டு வினைகள் இருந்து, காலப்போக்கில் ஓசையால் ஒன்றாகிவிட்டன. உங்கள் பாஸ்போர்ட்டில் இருப்பது தடை.